உபயம் எழுதாத அலுமாரி

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோனதால் அல்ல. எழுதினேன் என்று தெரிந்தால், எங்கே இருந்தாலும் நீலப் பேனையோடு வந்து வெட்டிவிட்டுத்தான் போவார். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அதுவே போதும்.

அக்காவும் நானும் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரே அச்சகத்தில் வேலை செய்தோம். நான் கணினியில் எழுத்துக் கோர்ப்பவன். அவர் பிழை திருத்துபவர். அச்சகத்துக்குச் சோறு போட்டதெல்லாம் செத்தவர்கள்தான். மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலி, முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுத்துவிடும் நினைவு மலர். எங்கள் ஊர் மரண அறிவித்தலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் செத்தவருக்கு இரண்டு வரி, மிஞ்சியிருப்பவர்களுக்கு இருபது வரி. அன்பு மகன், பாசமிகு சகோதரி, மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று நாற்பது பெயர் வரும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கனடா, சுவிஸ், நோர்வே என்று நாடு வரும். ஒரு சகலனின் பெயர் விடுபட்டால் போதும், செத்த வீட்டுச் சண்டை அச்சகத்துக்கு வந்துவிடும். அக்கா அங்கே இருந்த காலத்தில் ஒரு பெயரும் விடுபட்டதில்லை.

பகல் இரண்டு மணிவரைக்கும் பெயர்களுக்குள் கிடந்த அந்த மனுஷி, அதற்குப் பிறகு தன் கடைக்குப் போய் ஒரு பெயரையும் உள்ளே விடாமல் காவல் இருந்தார்.

கடை என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. வாசலில் கடந்தகால வினாத்தாள்கள், பஞ்சாங்கம், சமயபாட வழிகாட்டி. அதற்குப் பின்னால் ஒரு சேலைத் திரை. திரைக்குப் பின்னால் எங்களுடைய புத்தகங்கள். ஆணை நேசிக்கிற ஆண்கள், பெண்ணை நேசிக்கிற பெண்கள், பிறந்தபோது ஊர் சொன்ன பாலினத்தில் வாழ முடியாதவர்கள், இவர்களைப் பற்றி இவர்களே எழுதியவை. சென்னையிலிருந்து யாரோ ஒருவரின் பயணப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வந்தவை, கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தவை, மொழிபெயர்த்துப் போட்டோக்கொப்பி அடித்துக் கட்டியவை. வடக்கில் அப்படி இன்னொரு கடை இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இரவல் கொடுப்பதற்கென்று முப்பத்தொரு புத்தகங்களைத் தனியாக வைத்திருந்தார். ஏன் முப்பத்தொன்று என்றால், ஒரு மாதக் கலண்டர் தாளில் அத்தனை எண்கள்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது மாதிரிக் கலண்டர் தாளை மறுபக்கம் திருப்பி வெள்ளை வெளியே தெரிய உறை போடுவார். பசையோ ஒட்டுநாடாவோ புத்தகத்தைக் கெடுக்கும் என்று மடிப்புகளைச் சிவப்பு நூலால் தைப்பார். முதுகில் கலண்டரிலிருந்து வெட்டிய ஒரு எண் மட்டும் இருக்கும். கொப்பியில் பதிவது கிடையாது. யார் எதைக் கொண்டுபோனார்கள் என்பது அவருடைய தலைக்குள் இருந்தது. எங்களையும் அந்த எண்களால்தான் கூப்பிட்டார். “இருபத்திரண்டு வந்தவவோ?” என்று கேட்பார். “என்ன அக்கா, சிறைச்சாலையோ?” என்று நான் கேலி செய்வேன். சிரிக்க மாட்டார்.

பத்தொன்பதின் இடம் மட்டும் எப்போதும் காலியாக இருந்தது. அதில் வேறு புத்தகம் ஒன்றை வைக்கலாமே என்று ஒருதடவை சொன்னேன்.

“அது வெளியிலை நிக்குது,” என்றார். “வரும்.”

நான் அந்தக் கடைக்குப் போனதும் அவருடைய வேலைதான். ஒரு நாள் அச்சகத்தில் என் விசைப்பலகை மேல் உறை போட்ட புத்தகம் ஒன்றை வைத்து, “பிழை பாத்துத் தாரும் தம்பி” என்றார். இரண்டு ஆண்களின் கதை. முப்பது வயதை எட்டப்போகிற எனக்கு அதுவரையில் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த மனுஷி அதை என்னிடம் எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றைக்கும் தெரியாது. மூன்று நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

“பிழை இருக்கோ?”

“இல்லை அக்கா.”

“எனக்கும் ஒண்டும் தெரியேல்லை,” என்று சொல்லிவிட்டு ஒரு மரண அறிவித்தலை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். எனக்குத்தான் அன்று முழுக்க ஒரு எழுத்தும் ஓடவில்லை.

கடையை மாற்றவேண்டி வந்தது இப்படித்தான்: போட்டோக்கொப்பிக் கடைக்காரர் கலர் மெசின் இறக்கப்போகிறேன், அறையை விட்டுத் தா என்றார். அக்கா அதற்காக அலட்டிக்கொள்ளவில்லை. பெட்டிகளில் கட்டி வீட்டில் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்குப் பையில் கொண்டுபோய்க் கொடுத்தால் போயிற்று என்று இருந்தார். அந்த எண்ணத்தை மாற்றியவர் புத்தூரில் கணக்குப் படிப்பித்த ரீச்சர்.

ரீச்சருக்கு இருபத்தாறு வயது இருக்கும். சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வருவார். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மூன்று சகோதரிகளுக்கு ஒரே அறை, கைப்பையைத் தாய் நாள்தோறும் கொட்டிப் பார்ப்பாராம். ஆகவே திரைக்குப் பின்னால் நின்றபடி வாசித்துவிட்டு, எந்தப் பக்கம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போவார். அந்த இடத்தில் இரண்டு பேர் நிற்கலாம். உட்கார்ந்திருக்க முடியாது. ஒரு சனிக்கிழமை ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டு சொன்னார்:

“அக்கா, ஒரு கதிரை இருந்தால் காணும். இருந்து வாசிக்க ஒரு கதிரை.”

அக்கா காலியாகக் கிடந்த பத்தொன்பதின் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கிழமை அரியாலையில் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தார். கடல்நீரேரிப் பக்கமாக, ஒதுக்குப்புறமாக. ஒரு மண்டபம், இரண்டு அறை, பின்பக்கம் ஒரு வாசல். சொந்தக்காரர் நோர்வேயில், பார்த்துக்கொள்பவர் பக்கத்து ஒழுங்கையில். “இரண்டாவது மாதத்தைத் தொடங்கலாம் தம்பி. அறுபத்திரண்டு புத்தகம் வைக்கலாம். எட்டுக் கதிரை போடலாம்,” என்றார். அவர் முகம் மலர்ந்து நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

காசு சேர்க்கத் தொடங்கினோம். உள்ளூர்க் காசு வந்த விதத்தை நான் மறக்கமாட்டேன். அக்கா ஒருவரிடமும் கேட்கவில்லை. வாசலில் ஒரு தாளில் “கடை பெரிதாகிறது, கதிரை போடப்போகிறோம்” என்று மட்டும் எழுதி வைத்தார். திரும்பி வருகிற புத்தகங்களின் நடுவில் ரூபாய்த் தாள்கள் வரத் தொடங்கின. புத்தகம் கைக்கு வந்ததும் அக்கா அதைப் பிரிக்காமல் அப்படியே பெட்டிக்குள் போட்டுவிடுவார். எல்லாரும் போன பிறகுதான் மொத்தமாக எடுத்து உதறுவார். எந்தத் தாள் எந்தப் புத்தகத்திலிருந்து விழுந்தது என்று தெரியக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

ஆனால் அந்தத் தாள்கள் கதிரைக்குக் காணும், வீட்டுக்குக் காணாது. வெளிநாட்டுக்காரரிடம் கேட்கவேண்டி வந்தது. அங்கேதான் பிரச்சினை. எங்கள் மண்ணில் பெயர் போடாமல் ஒரு தண்ணீர்க் குழாயும் பூட்டப்படுவதில்லை. கோயில் ரியூப்லைற்றில் “உபயம்” எழுத்துக்குள் புகுந்துதான் வெளிச்சம் வெளியே வரவேண்டும். மணிக்கூட்டில் இலக்கங்களைவிடக் கொடுத்தவரின் பெயர் பெரிதாக இருக்கும். கொடுத்தவர் அதைப் படத்தில் பார்க்கவேண்டும். பார்த்தால்தான் அடுத்த தடவை கொடுப்பார்.

“அப்ப வேண்டாம்,” என்றார் அக்கா.

“பேர் இல்லாமல் ஒருத்தரும் தராயினம் அக்கா.”

“பேர் இருந்தால் அது ஆளை இழுத்துக்கொண்டு வரும் தம்பி. எனக்குத் தெரியும்.”

என்ன தெரியும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வட்ஸ்அப் எல்லாம் அவருக்கு ஆகாது என்பதால் வெளிநாட்டோடு கதைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

கனடாவில் இருந்து ஒருவர் ஃபோன் எடுத்தார். யாரோ ஒரு சிநேகிதர் சொல்லிக் கடையைப் பற்றி அறிந்தவர். ஊர் அச்சுவேலி. முற்பணத்தில் பாதியையும் இரண்டு கண்ணாடி அலுமாரிக்கான காசையும் தானே தருவதாகச் சொன்னார். அவருடைய தம்பி நான்கு வருடத்துக்கு முதல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். பரீட்சை பெயில் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள்.

“சோதனை இல்லைத் தம்பி. ஒரு கிழமைக்கு முதல் எனக்கு ஃபோன் எடுத்துச் சொன்னவன், தான் இப்பிடி எண்டு. நான் ஃபோனை வைச்சிட்டன். பிறகு அவனும் எடுக்கேல்லை, நானும் எடுக்கேல்லை.” பிறகுதான் கேட்டார்: “அந்த அலுமாரியிலை அவன்ரை பேரைப் போடுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம். ஊரிலை ஒருத்தரும் அவன்ரை பேரைச் சொல்லுறேல்லை.”

என்னால் மறுக்க முடியவில்லை. அக்காவிடம் போய் அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் கையில் இருந்த நூலைக் கீழே வைத்தார்.

“வேண்டாம்,” என்றார் பிறகு. “தாய் உயிரோடை இருக்கிறா.”

“செத்தவனுக்கு என்ன அக்கா பயம்?”

“காசைத் திருப்பி அனுப்பும்.”

எனக்கு ஆத்திரம் வந்தது. கல் நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். செத்துப்போன ஒருவனுக்கு அலுமாரியின் மூலையில் இரண்டு அங்குல இடம் கொடுக்க மனமில்லாத ஒருத்திக்கு எதற்கு அறுபத்திரண்டு புத்தகம் என்று எண்ணினேன். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அன்று அப்படித்தான் எண்ணினேன்.

ஆகவே பொய் சொன்னேன். பெயர் வேண்டாம் என்று கனடாக்காரர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். வீடு எடுத்தோம். அலுமாரிகள் வந்தன. அக்கா இல்லாத ஒரு மத்தியானம், அச்சகத்தில் நானே கோர்த்த ஒரு தாளை அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டினேன். நினைவு மலருக்குப் போடுகிற அதே எழுத்து. “உபயம்: அமரர்” என்று தொடங்கி அந்தப் பெடியனின் முழுப்பெயர், ஊர், பிறகு தமையனின் பெயர், கனடா. ஒரு படம் எடுத்தேன். உடனே தாளை உரித்துக் கண்ணாடியையும் துடைத்தேன். ஒருத்தருக்கும் நட்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படத்தை அனுப்பியதும் அவர் அழுதுகொண்டு ஃபோன் எடுத்தார். இடம் எங்கே, ஊருக்கு வந்தால் பார்க்கவேண்டும் என்றார். அதையும் சொன்னேன்.

புதுக் கடை நான்கு சனிக்கிழமை நடந்தது. எட்டுக் கதிரையும் போட்டோம். ரீச்சர் எப்போதும் யன்னலோரக் கதிரையைத்தான் எடுப்பார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி வைத்துக்கொண்டு வாசிப்பார். இடையில் தலையை நிமிர்த்தி, கதிரையின் கையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிவார்.

நான்காவது சனிக்கிழமை முற்பகல் ஒரு ஓட்டோ வந்து நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா இறங்கினார். அவரோடு வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர். அம்மாவின் கையில் மாலை போட்ட ஒரு படம். பெரியவரின் கையில் வடையும் மோதகமும் வைத்த ஓலைப்பெட்டி.

“நாங்கள் அச்சுவேலியிலை இருந்து வாறம்,” என்றார் பெரியவர் வாய் நிறையச் சிரிப்போடு. “மருமோன்ரை பேரிலை திறந்த வாசிகசாலை இதுதானே? இண்டைக்கு அவன்ரை ஆண்டுத் திவசம். தங்கச்சி பாக்கவேணும் எண்டு நிண்டிட்டா.”

கனடாக்காரர் அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தார். தம்பியின் நினைவாக அரியாலையில் ஒரு வாசிகசாலைக்கு அலுமாரி கொடுத்தேன் என்று மட்டும் எழுதியிருந்தார். மகனின் பெயரில் தர்மம் நடந்திருக்கிறது என்று கேட்ட தாய் என்ன செய்வார்? படையலோடு வந்துவிட்டார்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எந்த மருமகன்?” என்றார். பெரியவர் ஃபோனை எடுத்துக் காட்டினார். படத்தில் அலுமாரி, அலுமாரியில் பெயர். எதிரே அதே அலுமாரி, பெயர் இல்லாமல். அக்கா படத்தைப் பார்த்தார். அலுமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பேர் எங்கை பிள்ளை?” என்று கேட்டார் அந்த அம்மா. “உரிஞ்சு விழுந்திட்டுதோ?”

யாரும் பதில் சொல்லுமுன் அவர் படத்தை அலுமாரிக்கு முன்னால் ஒரு கதிரையில் சாத்தி வைத்துக் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டார். மரியாதைக்கு ரீச்சர் எழுந்து நின்றார், கையில் புத்தகத்தோடு. இன்னொரு வாசகர் பின்வாசலால் போய்விட்டார். ரீச்சரும் அப்போதே போயிருக்கலாம். கற்பூரம் எரியும்போது எப்படி நடப்பது என்று நின்றுவிட்டார்.

பெரியவர் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து இளைப்பாறிய அதிபர். புத்தகத்தைக் கண்டால் கை சும்மா இருக்காத சாதி. மேசையில் கிடந்த ஒன்றை எடுத்து நடுவில் விரித்து வாசித்தார். பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். முகம் கறுத்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்தபோது முன்னால் நின்றது ரீச்சர்.

“நீர் புத்தூர் ரீச்சர் அல்லோ? என்ரை பேத்திக்குக் கணக்குப் படிப்பிக்கிறனீர்.”

ரீச்சர் கையில் இருந்த புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“என்ன புத்தகம் அண்ணை?” என்று கேட்டார் அம்மா.

“ஒண்டுமில்லை. வா, போவம்.”

“சொல்லுங்கோவன். என்ன?”

அவர் சொன்னார். எங்களைச் சொல்ல ஊரில் ஒரு சொல் இருக்கிறது, காறித் துப்புகிற மாதிரி வாயிலிருந்து வரும். அந்தச் சொல்லைச் சொன்னார். அந்த அம்மா எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு புத்தகத்தைத் தானும் எடுத்தார். உள்ளே பார்க்கவில்லை. உறையின் மடிப்பைத் திருப்பி, அந்தச் சிவப்பு நூல் தையலில் விரலை ஓடவிட்டுக்கொண்டு நின்றார்.

“பிள்ளை,” என்றார் அக்காவிடம். “என்ரை மகன் உங்களிட்டை வாறவனோ?”

“இல்லை அம்மா,” என்றார் அக்கா. “எனக்கு உங்கடை மகனைத் தெரியாது.”

பெரியவர் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். வடைப்பெட்டி மேசையிலேயே கிடந்தது. ரீச்சர் திரும்பக் கதிரையில் இருந்தார். பையில் இருந்து பஸ் ரிக்கெற் ஒன்றை எடுத்து, வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினார். “இதிலைதான் விட்டனான் அக்கா,” என்று சொல்லி அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை.

மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. திங்கட்கிழமை ரீச்சரின் பள்ளிக்கூடத்துக்குக் கதை போய்விட்டது. செவ்வாய் விடிந்தபோது வீட்டுப் படலை முழுக்கக் கழிவு ஒயில் ஊற்றியிருந்தது. புதன் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வந்தார். நல்ல மனிதர்தான், முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நோர்வேயிலை இருந்து ஃபோன் எடுத்தவை. ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை வீட்டை விடுங்கோ அக்கா.” பொலிசுக்குப் போகலாமா என்று யோசித்தேன். சட்டம் இன்னும் எங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது, போய் என்ன சொல்வது என்று என்னை நானே நிறுத்திக்கொண்டேன். கனடாக்காரர் ஃபோன் எடுத்தார். “குடும்பத்துக்குள்ளை மட்டும்தானே தம்பி போட்டனான்,” என்றார். தாய் தன்னோடு கதைப்பதில்லை என்றார். நான் ஃபோனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அவருடைய தம்பியும் அப்படியொரு சத்தத்தைத்தான் கேட்டிருப்பான் என்று நினைவு வந்தது. திரும்ப எடுத்துக் கதைத்தேன்.

அக்கா என்னை ஒரு சொல் ஏசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினார், தன் வீட்டுக்குக் கொண்டுபோனார், அடுத்த நாள் அச்சகத்துக்கு வந்து பெயர்களைத் திருத்தினார்.

இரண்டு மாதம் போனபின் ஒரு கலியாணக் கார்ட் வேலை வந்தது. மாப்பிள்ளை சுவிஸ். மணமகளின் பெயரை அடித்துக்கொண்டு போனபோது கை நின்றுவிட்டது. ரீச்சரின் பெயர். அவருடைய முழுப்பெயரை நான் அறிந்துகொண்டது அன்றைக்குத்தான். அடித்து முடித்துப் படியெடுத்து அக்காவின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். நீலப் பேனையை எடுத்தார்.

“பட்டத்திலை ஒரு புள்ளி விடுபட்டுப்போச்சு,” என்றார். “போடும்.”

போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். சரி என்று குறியிட்டார். நான் அங்கேயே நிலத்தில் குந்திவிட்டேன்.

“என்னை ஏசுங்கோ அக்கா. ஒருக்கா எண்டாலும் ஏசுங்கோ.”

அவர் பேனையை மூடினார்.

“எங்கடை ஊர் வாசிகசாலையிலை இரவல் கொப்பி எழுதினது நான்தான். பதினாறு வயசு. என்ரை எழுத்து வடிவு எண்டு என்னட்டைத் தந்தவை. ஆர் என்ன புத்தகம் எடுத்தது எண்டு முழுப்பேர், வீட்டுப்பேர் எல்லாம் வடிவா எழுதி வைச்சனான். சண்டைக் காலம். ஒரு நாள் துவக்கோடை வந்தவை அந்தக் கொப்பியைக் கொண்டுபோட்டினம். மூண்டு பெடியள். ஒரே புத்தகத்தை மாறி மாறி எடுத்தவங்கள். அண்டைக்குப் பின்னேரமே ஏத்திக்கொண்டு போட்டினம். ஒருத்தனும் வரேல்லை.” மூடிய பேனையை மேசையில் வைத்தார். “நானும் ஒருக்கா எழுதினனான் தம்பி. நான் உம்மை என்னெண்டு ஏசுறது?”

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அக்கா அச்சகத்தை விட்டார். வவுனியாப் பக்கம் போகப்போவதாகச் சொன்னார். போவதற்கு முதல் கிழமை பெட்டி கட்ட உதவிக்கு அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். படலையில் யாரோ தட்டினார்கள். அந்த அம்மா. தனியாக பஸ்ஸில் வந்திருந்தார். எத்தனை பேரிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாரோ தெரியாது. கையில் ஒரு பொலித்தீன் பை.

பைக்குள் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். வெள்ளை உறை. சிவப்பு நூல். முதுகில் பத்தொன்பது.

“அவன்ரை ட்ரங்குப் பெட்டிக்குள்ளை கிடந்தது,” என்றார். “நாலு வரியமா வைச்சிருக்கிறன். என்ன புத்தகம் எண்டு பாக்கேல்லை. தையலை மட்டும் பாப்பன், ஆரோ ஒரு பொம்பிளை கவனமாத் தைச்சிருக்கிறா எண்டு. அண்டைக்கு உங்கடை கடையிலை அந்தத் தையலைக் கண்டனான் பிள்ளை.” சேலைத் தலைப்பால் உறையைத் துடைத்தார். “இப்ப வாசிச்சனான். முழுக்க வாசிச்சனான். என்ரை பிள்ளை திருப்பித் தராமல் போட்டான். தண்டம் ஏதும் இருந்தால் சொல்லுங்கோ.”

அக்கா புத்தகத்தை வாங்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அறிந்த காலம் முழுவதும் எங்கள் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத அந்த மனுஷி, அப்போது அந்தப் பெடியனின் பெயரைச் சொன்னார். முழுப்பெயரை, ஒரு எழுத்தும் பிசகாமல்.

“வரேக்கை பேர் தெரியாது அம்மா. மரண அறிவித்தல் எங்கடை அச்சகத்துக்குத்தான் வந்தது, தம்பி அங்கை வேலைக்கு வர முதல். படத்தைப் பாத்துத்தான் பேர் தெரியும். நான்தான் பிழை பாத்தனான்.” அவர் அழுவதை நான் பார்த்ததில்லை. அழுதார். “சனிக்கிழமையிலை வாறவர். ஒரு வருசம் வந்தவர். திரைக்குப் பின்னாலை நிண்டுதான் வாசிக்கிறவர். ரண்டு மணித்தியாலம், மூண்டு மணித்தியாலம் நிப்பார். கடைசியாத்தான் ஒண்டைக் கொண்டுபோனவர். இருந்து வாசிக்க என்னட்டை ஒரு கதிரை இருக்கேல்லை அம்மா.”

அந்த அம்மா புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு படிக்கட்டில் இருந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். எங்கள் இரண்டு பேரையும் மண் அள்ளித் திட்டினாலும் கேட்டுக்கொண்டு நிற்கலாம் என்று நின்றேன்.

“அவ்வளவு நேரமும் நிண்டவனோ?” என்றார். “கால் உளைஞ்சிருக்குமே என்ரை பிள்ளைக்கு.”